சிற்றோடைக்கு 6 அடி ஃப்ளை ராட் போதுமா? கோலாலம்பூர் பக்கத்துக் காட்டாறுகளுக்கு எது சரி?

கெப்போங் மூங்கில்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 9 அடி, 5 வெயிட் (லைனின் எடை எண்) கிராஃபைட் (கார்பன் இழை) ஃப்ளை ராட், அதாவது பூச்சி மாதிரி கட்டிய செயற்கை இரையை (ஃப்ளை) வீசும் தூண்டில்கோல். தித்திவங்சா ஏரிப் பூங்காவின் புல்வெளியில் கொக்கி இல்லாமல் நூல் கட்டி வீசிப் பழகும்போது நன்றாகவே வீசுகிறது. உலு லங்காட், ஜண்டா பாயிக் பக்கம் ஓடைக்குள் இறங்கினால்தான் தொல்லை. பின்னால் மூங்கில், பக்கத்தில் பிரம்பு முள், சில இடங்களில் தலைக்கு மேலேயே கிளை. மாட்டிய ஃப்ளையை எடுக்கத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடந்தால் அந்த மடுவில் அப்புறம் ஒரு மீனும் அசையாது.

அமெரிக்கக் காணொளிகளில் 6 அடி, 2 வெயிட் கிளாஸ் (ஃபைபர் கிளாஸ்) ராட் வைத்துப் புதருக்குள் அழகாக வீசுகிறார்கள். அதையே வாங்கலாம் என்று இருக்கிறேன். ஓடை அகலம் பெரும்பாலும் 4, 5 மீட்டர். மீன் என்றால் தெங்காஸ், சிக்காங், கொஞ்சம் செபாராவ். ராடும் லைனும் சேர்த்து 600 ரிங்கிட்டுக்குள் முடிய வேண்டும். அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

செந்தூல் மோட்டார்

மோட்டாரில் போகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிரித்து வைத்தால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 7 அடி ராட் மூன்று துண்டாக வந்தால் ஒரு துண்டு 28 அங்குலம். 7 அடி 6 அங்குலம் நாலு துண்டாக வந்தால் 22.5 அங்குலம்தான். முதுகுப் பைக்குள் அடங்கிவிடும். ஓடை வரை நடக்கும்போதும் அதுவே வசதி.

உலு லங்காட் வாசி

தம்பி, எத்தனை அடி என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் இதைச் சொல்லுங்கள்: நீங்கள் போகும் ஓடைக்குச் சுவர் இருக்கிறதா, கூரை இருக்கிறதா?

இரண்டு கரையிலும் மூங்கிலும் பெர்த்தாம் பனையும் அடர்ந்து நின்று, தலைக்கு மேல் ஐந்தாறு மீட்டர் காலியாக இருந்தால் அது சுவர். நம் பக்கத்துக் காட்டாறுகளில் பெரும்பகுதி இப்படித்தான். பெரிய மரங்கள் எங்கேயோ உயரத்தில் குடை பிடிக்கும், கரையோரம் மட்டும் நெருக்கும். அந்த மாதிரி இடத்தில் நீளமான ராட் இடைஞ்சல் இல்லை. ஓடை நடுவில் இறங்கி நின்று, மேல்நோக்கி, ஓடை போகிற திசையிலேயே வீசினால் முன்னாலும் பின்னாலும் தண்ணீர்தான் இருக்கும். புதரைப் பார்த்துக்கொண்டு குறுக்கே வீசுவதால்தான் பாதிப் பேருக்கு ஃப்ளை மாட்டுகிறது.

கூரை என்பது வேறு. சாய்ந்த மூங்கில், விழுந்த மரம், தண்ணீர் மேல் வளைந்து தொங்கும் கிளை. நின்றால் தலையில் இடிக்கும். அங்கே 9 அடி ராடை நிமிர்த்தவே முடியாது. முட்டி போட்டுக்கொண்டு ராடைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீச வேண்டும். குட்டை ராட் தன் விலைக்கு உழைப்பது அங்கேதான்.

அடுத்தது 2 வெயிட். இதில்தான் உங்களைத் தடுக்கிறேன். லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்துத்தான் வெயிட் எண் கொடுக்கிறார்கள். 2 வெயிட் என்றால் 80 கிரெயின், அதாவது சுமார் 5.2 கிராம். 4 வெயிட் 120 கிரெயின், 7.8 கிராம் வரும். 5 வெயிட் 140. நம் ஓடையில் 30 அடி லைனை யார் வெளியே விடுகிறார்கள்? 10, 12 அடி விட்டாலே அதிகம். அதிலும் லைனின் முன்பகுதி ஒல்லியாகச் சரிந்து வருவதால் அந்த 12 அடியில் இருக்கும் எடை, கணக்குப்படி வரவேண்டிய பங்கைவிடக் குறைவு. எடை இல்லாவிட்டால் ராட் வளையாது. ராட் வளையாவிட்டால் நாம் கையால் தள்ளுகிறோம், அவ்வளவுதான்.

காணொளியில் பார்க்கும் 2 வெயிட் அவர்கள் ஊருக்குச் சரி. அப்பலாச்சியன் மலை ஓடைகளில் புரூக் டிரவுட் ஒரு சாண் இருந்தாலே நல்ல மீன். ஃப்ளையும் கொசு அளவு. தண்ணீர் குளிர்ந்தது, பிராணவாயு நிறைய, கொஞ்ச நேரம் இழுபட்டாலும் மீன் தேறிவிடும். நம் தண்ணீர் வெதுவெதுப்பானது. வெப்பம் கூடக் கூடத் தண்ணீரில் கரையும் பிராணவாயு குறையும். மெல்லிய ராடில் மீனை நெடுநேரம் ஓடவிட்டுச் சோர வைத்தால், விட்ட பிறகு அது பிழைப்பது சந்தேகம். செபாராவ் கடித்த உடனே கட்டைக்கு அடியில் ஓடப் பார்க்கும். அதை முதல் இரண்டு மூன்று விநாடியில் திருப்பியாக வேண்டும். 2 வெயிட்டுக்கு அந்த முதுகெலும்பு கிடையாது.

என் தீர்ப்பு: 7 அடி முதல் 7 அடி 6 அங்குலம் வரை, 4 வெயிட். குட்டையாக இருக்கட்டும், நோஞ்சானாக இருக்க வேண்டாம்.

பாலிக் பூலாவ் ஓடை

அண்ணன் சொன்ன 4 வெயிட்டுக்கு என் ஓட்டு. ஆனால் குட்டை ராட் விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

பினாங்குத் தீவில் ஓடைகள் செங்குத்தாக இறங்குகிறவை, ஆழமும் இருக்காது. அதனால் நான் பெரும்பாலும் பாலம் தாண்டி கெடா பக்கம், கூலிம் அருகே சுங்கை செடிமுக்குத்தான் போகிறேன். அங்கே பாறைகள் பெரியவை. பாறைக்கு முன்னால் ஒரு சின்னக் குழி, பின்னால் ஒரு சின்னக் குழி, நடுவில் வேகமான நீரோட்டம். குழியில் ஃப்ளை இரண்டு விநாடி நிற்க வேண்டுமானால் நடுவில் ஓடும் நீர் லைனை இழுக்கக் கூடாது. அதற்கு ராட் நுனியை உயர்த்தி லைனைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். 8 அடி 6 அங்குலத்தில் அது சுலபம். 6 அடி ராடில் பாறை மேல் படுத்துக் கையை நீட்டினால்கூட எட்டாது.

இன்னொன்று, வில் அம்பு மாதிரி இழுத்து விடும் வீச்சு. கொக்கியின் வளைவைப் பிடித்துக்கொண்டு, ராடை வளைத்து, குறிபார்த்து விடுவது. பின்பக்கம் ஒரு அடி இடம்கூட வேண்டாம். ஆனால் கைக்கு எட்டும் அளவுக்குத்தான் லைனை வெளியே விட முடியும், அதாவது ஏறக்குறைய ராடின் நீளம். 7 அடி ராடில் ராடும் லைனும் சேர்ந்து 14 அடி போகும். 9 அடியில் 18. இந்த 4 அடியில்தான் மீன் நம்மைப் பார்க்குமா பார்க்காதா என்பதே இருக்கிறது. ரோல் காஸ்ட்டும் (லைனைப் பின்னால் வீசாமல் முன்னால் உருட்டி விடுவது) அப்படித்தான். நுனி எவ்வளவு உயரமோ அவ்வளவு பெரிய வளைவு பின்னால் விழும், அவ்வளவு சுலபமாக லைன் உருளும்.

கெப்போங் தம்பி, உங்கள் 9 அடியை விற்றுவிடாதீர்கள்.

உலு லங்காட் வாசி

செடிம் மாதிரி பாறை ஓடைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அது திறந்த ஆறு. அங்கே நானும் நீளமான ராடைத்தான் எடுப்பேன். தம்பி கேட்கிற ஓடை 4 மீட்டர் அகலம். அவர் ஒரு மடுவிலிருந்து அடுத்த மடுவுக்குப் புதருக்குள் புகுந்து போக வேண்டும். வீசும் நேரத்தைவிட ராடைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நேரம்தான் அதிகம். நுனியை முன்னால் நீட்டி நடக்காமல், ராடைத் திருப்பி நுனி முதுகுக்குப் பின்னால் வரும்படி பிடித்து நடந்தால் நீள ராடும் ஓரளவு சமாளிக்கும். இருந்தாலும் பிரம்பின் கொடி ஒரு முறை வளையத்தில் மாட்டினால் ராட் நுனி போய்விடும். இந்த முள் பின்னோக்கி வளைந்தது. இழுக்க இழுக்க இறுகும். பொறுமையாகப் பின்னால் போய்த்தான் விடுவிக்க வேண்டும்.

அப்புறம், மீன் உங்களைப் பார்ப்பது பற்றி. 9 அடி ராடை ஆட்டினால் அந்த அசைவையே மீன் பார்க்கும். தெளிந்த நீரில் தெங்காஸ் நிழலுக்கே ஓடும். குனிந்து, மெதுவாக, கீழிருந்து மேல்நோக்கிப் போனால் 14 அடி தாராளம்.

இறகும் நூலும்

ராடைப் பற்றியே பேசுகிறீர்கள். என்ன ஃப்ளை கட்டப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லையே!

தம்பி, நான் கிள்ளானில் ஃப்ளை கட்டுகிறேன். காட்டு ஓடைக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் கட்டிக் கொடுப்பது மூன்று வகை. ஒன்று, ஸ்பாஞ்சில் செய்த எறும்பு, வண்டு, 12 அல்லது 14ஆம் எண் கொக்கி. தெங்காஸுக்கும் சிக்காங்குக்கும் இது போதும். இலையிலிருந்து தவறி விழும் பூச்சியைத்தான் அவை பார்த்துக்கொண்டே இருக்கின்றன, அதனால் ‘பொத்’தென்று விழுந்தாலும் தப்பில்லை, சில நேரம் அதுதான் நல்லது. இரண்டு, சின்ன கிளௌசர் மின்னோ (குட்டி மீன் மாதிரி கட்டும் ஃப்ளை), 8ஆம் எண், கண்ணில் உலோகக் குண்டு. இது செபாராவுக்கு. மூன்று, காட்டு அத்திப்பழம், செம்பனைப் பழம் மாதிரி உருட்டிக் கட்டியது. கெலா, தெங்காஸ் இரண்டுமே பழம் தின்னும். அத்திமரம் சாய்ந்து நிற்கும் மடுவில் பழம் உதிரும் காலத்தில் வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது.

இப்போது கணக்குப் பாருங்கள். எறும்பு எடையே இல்லாதது, எந்த ராடும் தூக்கும். கிளௌசர் அப்படி இல்லை. ஃப்ளை வீச்சில் ஃப்ளையைக் கொண்டுபோவது லைனின் எடை. லைன் லேசாக, ஃப்ளை கனமாக இருந்தால் வீச்சு பாதியில் உடைந்து ஃப்ளை காதில் வந்து குத்தும். கண்ணாடி போடாமல் கிளௌசர் வீசாதீர்கள், இது கண் விஷயம். 4 வெயிட் எடுத்தால் மூன்று வகையும் ஒரே ராடில் அடங்கும். 2 வெயிட்டில் எறும்போடு நின்றுவிடுவீர்கள்.

கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இலையில் மாட்டினாலும் சுலபமாக வரும், மீனையும் தண்ணீருக்குள்ளேயே வைத்து விட்டுவிடலாம்.

பந்திங் தோட்டத்தான்

உங்கள் பேச்சு எல்லாம் மலை ஓடை. எங்கள் பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பரிட் (வடிகால்) இருக்கிறது. இரண்டு பக்கமும் மட்டை தொங்கும், தண்ணீர் தேநீர் நிறம், உள்ளே ஹாருவான் (விரால்). அண்ணன் சொன்ன கூரை என்றால் இதுதான் கூரை! இதற்கு எந்த ராட்?

உலு லங்காட் வாசி

பரிட்டுக்குக் குட்டையும் வேண்டும், பலமும் வேண்டும். தவளை மாதிரி பாப்பர் (மிதக்கும் ஃப்ளை), களையில் மாட்டாத கம்பி வைத்த கொக்கி, இதை 4 வெயிட் தூக்காது. 6 முதல் 8 வெயிட் வரை போங்கள்.

அமெரிக்காவில் பாஸ் மீன் போட்டிகளில் ராட் 8 அடிக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதற்காகவே சேஜ் மாதிரி கம்பெனிகள் 7 அடி 11 அங்குலத்தில் கனமான ஃப்ளை ராட் செய்தன. போட்டிக்காகச் செய்தது நம் பரிட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். லைனும் அதற்கேற்ப, தலைப்பகுதி குட்டையாக, முன்பக்கமே கனமாக இருக்கும் பாஸ் லைன். இரண்டு முறை ஆட்டாமல் ஒரே வீச்சில் போய் விழ வேண்டும், ஹாருவான் தலை தூக்கிய இடம் ஆறிப் போவதற்குள்.

செம்பனைக்கு மருந்தடித்த நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்த மீனைச் சமைக்கவும் வேண்டாம்.

பந்திங் தோட்டத்தான்

நன்றி அண்ணே. 8 வெயிட் ஒன்று சும்மா கிடக்கிறது, 9 அடி. கைப்பிடிக்கு மேலே தண்டிலேயே பிடித்துக்கொண்டு வீசிப் பார்க்கிறேன்.

கெப்போங் மூங்கில்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. 2 வெயிட் யோசனையை விட்டுவிட்டேன். இன்னும் சில கேள்விகள்.

ஒன்று, கிளாஸா கிராஃபைட்டா? இரண்டு, ஒரு நண்பர் 9 அடி ராடின் நுனியில் ஒன்றரை அடி வெட்டிவிட்டுப் புது நுனி வளையம் ஒட்டினால் குட்டை ராட் கிடைத்துவிடும் என்கிறார். செய்யலாமா? மூன்று, டெங்காரா பற்றி யாரும் சொல்லவில்லை. ரீலே இல்லாமல் மலை ஓடைக்கென்றே வந்த ராட் அல்லவா அது?

செந்தூல் மோட்டார்

வெட்டாதீர்கள்! அந்த நண்பரிடம் ராடைக் கொடுக்காதீர்கள்!

பாலிக் பூலாவ் ஓடை

டெங்காரா என்னிடம் உண்டு, அதனால் நானே சொல்கிறேன். ஜப்பானிய மலையோடைக்காரர்களின் முறை. டெங்காரா யூஎஸ்ஏ நிறுவனம் 2009இல் தொடங்கிய பிறகு ஜப்பானுக்கு வெளியிலும் பரவியது. நுனியில் நேராக லைனைக் கட்டிவிடுவார்கள், ரீல் கிடையாது. வழக்கமான நீளம் 3.3 மீட்டரிலிருந்து 3.9 மீட்டர் வரை, அதாவது 11 முதல் 13 அடி. மடக்கினால் கைப்பைக்குள் போகும்.

சின்ன தெங்காஸுக்கும் சிக்காங்குக்கும் அதைப்போல ஒன்று இல்லை. லைன் தண்ணீரைத் தொடவே தொடாது, ஃப்ளை மட்டும் குழியில் நிற்கும். மீன் கொஞ்சம் பெரிதாக வந்தால் விட்டுக் கொடுக்க லைன் இல்லை. செபாராவ் ஒரு கிலோ வந்தால் ஒன்று டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய கடைசி நரம்பு) அறும், இல்லாவிட்டால் நுனி போகும். உங்கள் ஓடையில் கூரை வேறு இருக்கிறது. 12 அடி ராடை எங்கே நிமிர்த்துவீர்கள்? நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டெங்காராவும் விற்கிறார்கள், ஆனால் முதல் ராடாக அதைச் சொல்ல மாட்டேன்.

உலு லங்காட் வாசி

வெட்டும் விஷயம்: ராட் அடியிலிருந்து நுனி வரை ஒரு சீராக ஒல்லியாகிக்கொண்டே வரும்படி செய்திருக்கிறார்கள். குறைந்த லைனுக்கு வளைவது அந்த மெல்லிய நுனிப் பகுதிதான். அதையே வெட்டினால் மிச்சம் இருப்பது தடித்த, விறைத்த கம்பு. கிட்டத்தில் வீசத்தான் குட்டை ராட் கேட்கிறீர்கள், வெட்டிய ராடோ கிட்டத்தில்தான் வீசாது. பந்திங் தம்பி சொன்ன மாதிரி கைப்பிடிக்கு மேலே, தண்டில் பிடியுங்கள். ஒரு அடி குறைந்த மாதிரி இருக்கும், காசு செலவில்லை.

கிளாஸா கிராஃபைட்டா என்றால், சிற்றோடைக்கு நான் கிளாஸ் பக்கம். காரணம் மேலே சொன்ன அதே எடைக் கணக்கு. கிளாஸ் மெதுவாக, கைப்பிடி வரை ஆழமாக வளையும். 8 அடி லைன் வெளியே இருந்தாலும் வளைவது கையில் தெரியும். பாறையில் ஒரு தடவை இடித்தாலும் தாங்கும். கிராஃபைட் இடி வாங்கியதும் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, வேறொரு நாள் மீனோடு போராடும்போது ‘டக்’கென்று ஒடியும். வழுக்குப் பாறையில் நடக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிளாஸின் குறை எடை. 9 அடியில் கிளாஸ் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அதனால்தான் எழுபதுகளில் கிராஃபைட் வந்ததும் நீள ராடுகள் எல்லாம் அதற்கு மாறின. 7 அடியில் அந்த எடை வித்தியாசம் கையில் உறுத்தாது. ரெடிங்டன் பட்டர்ஸ்டிக், எக்கோ ரிவர் கிளாஸ் எல்லாம் இந்தக் குட்டை நீளத்தை மனதில் வைத்துச் செய்தவைதான். எக்கோவில் 6 அடி 9 அங்குலம், 3 வெயிட் ஒன்று உண்டு. எறும்பு மட்டும் வீசுவேன் என்கிறவர்களுக்கு நல்ல ராட். பழைய ஃபென்விக் கிளாஸ் ராட் யாராவது வீட்டில் தூசி படிந்து கிடந்தால் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

குட்டை ராடில் பெரிய மீன் வராது என்று நினைக்கிறவர்களுக்காக: அமெரிக்க மீன்பிடிப்பாளர் லீ வுல்ஃப் 6 அடி மூங்கில் ராட் வைத்து அட்லாண்டிக் சால்மன் பிடித்துக் காட்டினார். அந்த மனிதரின் கை வேறு, அவர் நின்ற திறந்த ஆறும் வேறு. ஆனாலும் நீளம் என்பது மீனின் அளவைத் தீர்மானிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. கிராஃபைட் மின்சாரம் கடத்தும். நம் ஊரில் மதியத்துக்கு மேல் இடி இடிக்காத நாள் குறைவு. இடிச் சத்தம் கேட்டதும் ராடைக் கீழே வையுங்கள். எந்த ராடாக இருந்தாலும் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள்.

இறகும் நூலும்

தண்ணீரை விட்டு வெளியே வருவதற்கு இடி மட்டும் காரணம் இல்லை. மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே கெபாலா ஆயர் (திடீர் வெள்ளம்) வரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கும், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும், சத்தம் மாறும். அப்படி ஒன்றைப் பார்த்தால் லைனைச் சுற்றிக்கொண்டு நிற்காதீர்கள், ஏறுங்கள். கத்தரிக்கோலால் லைனை வெட்டிவிட்டே ஏறுங்கள். மடு நடுவில் இருக்கும் பாறை கரை ஆகாது.

கெப்போங் மூங்கில்

அக்கா, நன்றி. அண்ணே, நேற்று ஓடைக்கு ராட் இல்லாமல் போய், நீங்கள் கேட்ட சுவரையும் கூரையையும் பார்த்துவிட்டு வந்தேன். கீழ்ப்பகுதி முழுக்கச் சுவர்தான், நடுவில் நின்றால் வானம் தெரிகிறது. மேலே போகப் போக மூங்கில் சாய்ந்து கிடக்கிறது. நல்ல மடுக்கள் எல்லாம் அந்த மூங்கிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. குனிந்துதான் போக வேண்டும். மடுவின் நீளம் அதிகபட்சம் 8 மீட்டர்.

அதனால் கீழ்ப்பகுதிக்கு 9 அடியை வைத்துக்கொள்கிறேன். மேல்பகுதிக்கு 7 அடி 6 அங்குலமா, 7 அடியா? லைன் எது? லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் நரம்பு) எவ்வளவு?

பாலிக் பூலாவ் ஓடை

போய்ப் பார்த்துவிட்டு வந்தது நல்ல வேலை தம்பி. என் ஓட்டு 7 அடி 6 அங்குலம். அதற்குக் கீழே போனால் ரோல் காஸ்ட் மிகவும் சிரமம்.

உலு லங்காட் வாசி

நானும் 7 அடி 6 அங்குலம், 4 வெயிட், கிளாஸ். சாய்ந்த மூங்கிலுக்கு அடியில் பக்கவாட்டு வீச்சுக்கு அது தாழ்ந்து போகும், வெளியே வந்தால் ரோல் காஸ்ட்டுக்கும் நுனி உயரம் மிச்சம் இருக்கும். 6 அடி ராட் கூரைக்கு அடியில் மட்டும்தான் நல்லது, அங்கிருந்து வெளியே வந்தால் எதற்கும் உதவாது.

லைன் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. புதிதாக லைன் வாங்க வேண்டாம். உங்கள் 9 அடியில் இருக்கும் 5 வெயிட் லைனையே இதில் போட்டு வீசிப் பாருங்கள். 10 அடி மட்டும் வெளியே விடும் இடத்தில் ஒரு வெயிட் கூடுதலாகப் போட்டால் ராட் அழகாக வளையும். கிளாஸ் ஏற்கெனவே மெதுவானது என்பதால் சிலருக்கு அது தொளதொள என்று தோன்றும். அப்படித் தோன்றினால் 4 வெயிட் லைன் வாங்குங்கள், முன்சரிவு குட்டையானதாகப் பார்த்து. இரண்டு வெயிட் கூட்ட வேண்டாம், வீச்சு செத்துப்போகும். ரீலும் அதே ரீல் போதும். சிற்றோடையில் ரீல் லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி, கையால்தான் இழுக்கப் போகிறீர்கள். ஆக 600 ரிங்கிட் முழுவதையும் ராடிலேயே போடலாம்.

லைன் வாங்கும் நாள் வந்தால் வெப்ப மண்டலத்துக்குச் செய்ததா என்று பெட்டியில் பாருங்கள். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் துவண்டு, பிசுபிசுத்து, வளையத்தில் ஒட்டும். காட்டு நிழலில் கொஞ்சம் பரவாயில்லை. காடியின் பின்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

லீடரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் கிடைப்பது 9 அடி. நீங்கள் வீசப்போவதோ, ராட் நுனியிலிருந்து மொத்தமே 14, 15 அடி. 9 அடி லீடர் போனால் மிச்சம் 5, 6 அடி லைன்தான் வெளியே இருக்கும். ராடை வளைக்க அது பத்தாது. அதனால் லீடரை 6 அடிக்குள் வையுங்கள், டிப்பெட்டையும் சேர்த்து. தடித்த பகுதி 3 அடி, நடு ஒன்றரை, டிப்பெட் ஒன்றரை. எறும்பு வீசும்போது 4எக்ஸ் டிப்பெட், அது 0.18 மில்லிமீட்டர். செபாராவைத் தேடிக் கிளௌசர் போட்டால் 1எக்ஸ், 0.25 மில்லிமீட்டர். கட்டைப் பக்கம் ஓடும் மீனைத் தைரியமாக நிறுத்தலாம்.

செந்தூல் மோட்டார்

அண்ணே, சுங்கை சிலிங் பக்கமும் இதே ராட் எடுத்துப் போகலாமா? கோல குபு பாருவில் இருந்து கிட்டத்தான்.

உலு லங்காட் வாசி

சிலிங் மீன் சரணாலயம் தம்பி. அங்கே ராடைக் கொண்டுபோகாதீர்கள். நடந்து போய், தெளிந்த நீரில் கெலாவும் தெங்காஸும் கூட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். மீன் தண்ணீரில் எங்கே நிற்கிறது, எதற்குத் திரும்புகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தால் வீசிப் பழகுவதைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

மற்ற இடங்களுக்கும் கேட்டுவிட்டே போங்கள். நதி மீன்பிடிப்பு மாநில அரசின் கையில் இருப்பதால் சிலாங்கூர் விதி வேறு, பகாங் விதி வேறு. காப்புக்காடு என்றால் வன இலாகா அனுமதி தனி. ஒராங் அஸ்லி (பூர்வகுடி மக்கள்) கம்பம் (கிராமம்) பக்கத்தில் ஓடை இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்கள் குளிக்கும், குடிக்கும் தண்ணீர்.

இறகும் நூலும்

அந்தக் கெலா, தெங்காஸ் பற்றி ஒன்று. சின்னதாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும். தண்ணீருக்குள் வைத்தே கீழுதட்டைப் பாருங்கள். நடுவில் சதை மடல் தொங்கினால் கெலா. தெங்காஸுக்கு அது இருக்காது. கெலா வளர வருடக்கணக்காகும். எது வந்தாலும் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தலையை நீரோட்டத்தைப் பார்த்து வைத்து, தானாகத் துள்ளிப் போகும் வரை காத்திருந்து விடுங்கள் தம்பி. எறும்பு அரை டஜன், கிளௌசர் இரண்டு கட்டி வைக்கிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

கெப்போங் மூங்கில்

அக்கா, மிக்க நன்றி, இப்போதே அனுப்புகிறேன். அண்ணே, 7 அடி 6 அங்குலம், 4 வெயிட் கிளாஸ் என்று முடிவு செய்துவிட்டேன். வாங்குவதற்கு முன்னால் அந்த மாதிரி ராட் ஒன்றைக் கையில் பிடித்து வீசிப் பார்க்க எங்காவது வாய்ப்பு இருக்குமா?

உலு லங்காட் வாசி

என்னுடையதே இருக்கிறது, வீசிப் பாருங்கள். ஞாயிறு காலை ஏழரைக்கு உலு லங்காட் ‘பத்து 14’ பட்டணத்துக்கு வந்துவிடுங்கள், பசியாறிவிட்டுப் போவோம். மதிய மழைக்கு முன்னால் திரும்பிவிடலாம். உங்கள் 5 வெயிட் லைன் சுற்றிய ரீலை எடுத்து வாருங்கள். என் 4 வெயிட் லைனையும் கொண்டு வருகிறேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று அந்த மூங்கிலுக்கு அடியிலேயே பார்த்துவிடலாம்.